மாணவர்களுக்குக் கடல், மாணவிகளுக்குக் காணொளியா?

எங்கள் பெண்கள் மேல்நிலைப் பள்ளியையும், சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள ஆண்கள் மேல்நிலைப் பள்ளியையும் நடத்திவரும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

சென்ற திங்கட்கிழமை ஆசிரியர் அறைக்குக் கையெழுத்துக்காக வந்த சுற்றறிக்கையை மூன்று முறை படித்தேன். ஜனவரியில் நடக்கவிருக்கும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா களப்பயணத்தில் இந்த ஆண்டு முதல் மாணவிகள் சேர்க்கப்பட மாட்டார்கள் என்றும், அதற்கு ஈடாகப் பவளப்பாறைகள் பற்றிய காணொளி வகுப்பறைத் திரையில் காட்டப்படும் என்றும் அதில் இருந்தது. எதிர்ப் பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவர்கள் 40 பேர் வழக்கம்போல் போகிறார்கள். அதே பூங்கா, அதே படகு, அதே இரண்டு நாள். நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று தலைமையாசிரியை கேட்டபோது, எழுதித் தருகிறேன் என்றேன். அந்தப் பதிலை உங்களுக்கே, பெற்றோர்களும் படிக்கும்படியாக எழுதுகிறேன். முடிவெடுத்தது நீங்கள், இழக்கப்போவது அவர்களுடைய பெண்கள்.

சுற்றறிக்கையில் மூன்று காரணங்கள் இருக்கின்றன: கடலில் பாதுகாப்பு, "சென்ற ஆண்டு ஏற்பட்ட சங்கடம்", பெற்றோர் தரப்பின் அதிருப்தி. ஆறு முறை இந்தப் பயணத்தை நடத்தியவள் நான். மூன்று காரணங்கள் நடந்த இடத்திலும் நான் நின்றிருக்கிறேன். ஆனால் முடிவெடுக்கும் முன் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நடுவில் இருக்கும் சங்கடத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது என்னவென்று எழுத உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. நான் எழுதிவிடுகிறேன். போகும் வழியில் பஸ்ஸிலேயே ஒரு மாணவிக்கு மாதவிடாய் வந்துவிட்டது. பஸ்ஸை நிறுத்திய இடத்தில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். என் பையில் காயத்துக்கு மருந்து இருந்தது, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இருந்தது, டார்ச் விளக்கு இருந்தது. நாப்கின் இல்லை. பதினாறு வயதுப் பெண்கள் 38 பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பியவளின் பையில் அது இல்லாதது என் தவறு. அடுத்த ஊரில் வாங்கும்வரை ஒன்றரை மணிநேரம் அந்தப் பெண் என் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "டீச்சர், நான் படகில் ஏறலாம்தானே?" ஏறினாள். அன்றைக்கு நீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே வந்தவள் அவள்தான்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு பெண்ணுக்கு 28 நாள்களுக்கு ஒருமுறை, ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால், 38 பேர் கொண்ட கூட்டத்தில் எந்த நாளை எடுத்தாலும் ஆறேழு பேருக்கு மாதவிடாய் இருக்கும். சென்ற ஆண்டு பஸ்ஸிலும் அப்படித்தான் இருந்திருக்கும். மற்றவர்கள் சமாளித்துக்கொண்டார்கள், நமக்குத் தெரியவில்லை. பள்ளியில் தினமும் இதேதான் நடக்கிறது. இதை நேரக்கூடாத ஒன்று நேர்ந்துவிட்டதுபோல எழுதி, அதற்காக அடுத்து வரும் வகுப்புகள் எல்லாவற்றுக்கும் கதவைச் சாத்துவதை என்னால் ஏற்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பில் மனித இனப்பெருக்கம் என்ற பாடத்தை இதே பெண்களுக்கு நான் நடத்துகிறேன். அதில் நல்ல மதிப்பெண் வந்தால் பள்ளியின் முகப்பில் பேனர் வைக்கிறீர்கள்.

இனி, அவர்கள் எதை இழக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். சுற்றறிக்கையில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட கடலில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் இந்தத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அந்தத் தீவுகளில் இரண்டு இப்போது நீருக்குள் போய்விட்டன. பாடப்புத்தகத்தில் துளையுடலிகள், குழியுடலிகள், முட்தோலிகள் என்று நாங்கள் ஒப்பிக்க வைக்கும் தொகுதிகள் எல்லாம் ஒரே இடத்தில் உயிரோடு இருக்கும் கடல், நம் ஊரிலிருந்து ஐந்து மணிநேரப் பஸ் பயணத்தில் இருக்கிறது. வனத்துறையின் அனுமதியோடு அந்தத் தீவுகளில் ஒன்றான குருசடைத் தீவுக்குப் போவோம். எதையும் எடுக்கக்கூடாது, எதையும் மிதிக்கக்கூடாது என்று கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பாடம் நடத்திவிடுவேன். பவளமும் கடல் அட்டையும் 2001 முதல் புலிக்கு இணையான சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, காட்டுகிறேன் என்று நான் யாருக்கும் ஆசை காட்டியதில்லை. ஆறு பயணங்களில் எங்கள் கண்ணில் ஒன்றுகூடப் பட்டதில்லை. அது மேயும் கடற்புல்லைப் பார்த்திருக்கிறோம்.

பதினோராம் வகுப்பு விலங்கியலில் பலனோகிளாசஸ் என்று ஒரு புழு வருகிறது. முதுகுநாண் இல்லாதவற்றுக்கும் முதுகுநாண் உள்ளவற்றுக்கும் நடுவில் நிற்கும் உயிர். குருசடைத் தீவைக் கடல் உயிரியல் படித்தவர்களிடையே புகழ்பெறச் செய்தவற்றில் அதுவும் ஒன்று. நம் ஆய்வகத்தில் ஃபார்மலின் புட்டிக்குள் ஒன்று இருக்கிறது. நான் பணியில் சேர்ந்தபோதே வெளுத்துப்போய், தலை எது வால் எது என்று தெரியாமல்தான் இருந்தது. "ஆங்கில எழுத்து யூ வடிவக் குழியில் வாழும்" என்று மனப்பாடம் செய்து மாணவிகள் எழுதுவார்கள், நான் மதிப்பெண் போடுவேன். சில ஆண்டுகளுக்கு முன் தீவின் ஓரத்தில், முழங்கால் அளவுத் தண்ணீரில், உடன் வந்த வனக்காவலர் மணலில் சுருள்சுருளாகக் குவிந்திருந்த ஒன்றைக் காட்டினார். உள்ளே இருக்கும் புழு மணலைத் தின்று வெளியே தள்ளிய கழிவு அது. செங்கல் சூளையில் வேலை பார்க்கும் தாயின் மகள் ஒருத்தி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்: "டீச்சர், இது நம்ம 'ப'னா. ஒரு பக்கம் வாய், ஒரு பக்கம் கழிவு. நடுவில் வீடு." பதினைந்து ஆண்டுகளாக அந்தப் பாடத்தை நடத்திய எனக்கு அது தோன்றியதே இல்லை. இப்போது நான் கரும்பலகையில் 'ப' போட்டுத்தான் நடத்துகிறேன்.

அந்தப் பெண் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டாள். எல்லோரும் அப்படிப் போவதில்லை. பெரும்பாலானவர்கள் செவிலியர் படிப்புக்கும் வணிகவியலுக்கும் போனார்கள், சிலர் பன்னிரண்டாம் வகுப்போடு திருமணம் ஆகிப் போனார்கள். அப்படிப் போனவளுக்கும் அந்த இரண்டு நாள் உரியதுதான்.

இரண்டாம் நாள் தனுஷ்கோடிக்குப் போவோம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறது. வெள்ளம், புயல் என்று பேசத்தான் அங்கே முதலில் கூட்டிப்போனேன். ஒரு மாணவி சுவரில் கையை வைத்துத் தடவிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். கல்லில் பூப்பூவாகச் சின்னச் சின்னக் குழிகள். முந்தின நாள் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்திருந்த செத்த பவளத்தில் பார்த்த அதே குழிகள். "இந்தச் சுவர் உயிரோடு இருந்ததா, டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம், இருந்தது. முருகைக்கல் என்ற பவளக்கல்லை வெட்டி வீடு கட்டினார்கள், சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். அப்படி ஆண்டுக்கணக்கில் வெட்டி எடுத்ததும் அந்த இரண்டு தீவுகள் மூழ்கியதற்கு ஒரு காரணம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் பத்துப் பேர் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு ஆளுக்கொரு குழியை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இதற்கு ஈடாகவா காணொளி? காணொளியில் வரும் கடல் கண்ணாடிபோல நீலமாக இருக்கும். எங்கோ வெளிநாட்டில் எடுத்திருப்பார்கள். நம் கடல் கலங்கலானது. அந்தக் கலங்கலில் பவளத்துக்கு வெளிச்சம் எப்படிக் கிடைக்கிறது என்ற கேள்வி, கலங்கலைப் பார்த்தவளுக்குத்தான் வரும்.

ஜனவரியில் நீரின் வெப்பம் 26, 27 டிகிரி என்று மாணவிகள் அளந்து எழுதிய நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. கோடையில் அது 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால் பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. 2010, 2016, 2024 ஆண்டுகளில் இந்தக் கடலில் அப்படி நடந்தது. தன் கையால் அளந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் இடைவெளி மூன்று நான்கு டிகிரிதான் என்று தெரிந்ததும் படகில் பேச்சே நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். பயணத் தேதியையும் இவ்வளவு யோசித்துத்தான் குறிக்கிறேன். கடல் நன்றாக வற்றுவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி. தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் கால்வைக்க இடமிருக்காது என்பதால் பௌர்ணமியைப் பிடிப்பேன். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளித்தாலும் மன்னார் வளைகுடா ஓரளவு அமைதியாக இருக்கும். அதனால்தான் ஜனவரி.

இப்போது பாதுகாப்புக்கு வருகிறேன். உங்கள் அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2009-இல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023-இல் கேரளத்தின் தானூரில் 22 பேர். இந்த இரண்டையும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் நான் நினைத்துக்கொள்கிறேன். தானூரில் ஏற்றக்கூடாத அளவுக்கு ஆட்களை ஏற்றினார்கள். படகில் ஏறுவது ஆணா பெண்ணா என்று அந்தத் தண்ணீர் பார்க்கவில்லை. உயிர்காப்பு அங்கி போடாமல், எண்ணிக்கை மீறி ஏறினால் 40 மாணவர்களுக்கும் அதேதான். பாதுகாப்பு இல்லையென்றால் இரண்டு பயணங்களையும் நிறுத்துங்கள். இருக்கிறதென்றால் இரண்டையும் நடத்துங்கள்.

"பையன்களுக்கு நீச்சல் தெரியும்" என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது உண்மை. சென்ற ஆண்டு பாம்பன் பக்கம் கரையில் பாசி எடுத்துவிட்டு வந்த ஒரு அம்மா எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். பாறை கிழிக்காமலிருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றியிருந்தார். மரிக்கொழுந்துப் பாசி எது, கஞ்சிப் பாசி எது என்று கையில் வைத்துக் காட்டினார். பிறகு எங்கள் பெண்களைப் பார்த்து, உங்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும் என்று கேட்டார். 38 பேரில் இரண்டு கை உயர்ந்தது. அவருக்கு நம்ப முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நம் ஊரில் கிணறு இருக்கிறது, கண்மாய் இருக்கிறது. எட்டு ஒன்பது வயதுவரை பெண்பிள்ளைகளும் அதில்தான் குதித்துக் கிடக்கிறார்கள். வயதுக்கு வந்ததும் கரையேற்றிவிடுகிறோம். அண்ணனும் தம்பியும் தொடர்ந்து நீந்துகிறார்கள். ஏழெட்டு ஆண்டுகள் கழித்து, உனக்குத்தான் நீச்சல் தெரியாதே, உனக்கெதற்குக் கடல் என்று அவளிடமே சொல்கிறோம்.

அந்தக் கரையில் பாசி எடுப்பவர்கள் பெண்கள். மூச்சை அடக்கி மூழ்கி, பாறையிலிருந்து பறித்து, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்கள். பூங்காவுக்கு எல்லை வகுத்தபோது பாட்டி காலத்திலிருந்து அவர்கள் போய்வந்த தீவுகளுக்குள் நுழைவது குற்றமாகிவிட்டது. எத்தனை நாள் எடுப்பது, எப்போது ஓய்வு விடுவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, வாழ்வாதாரத்துக்காகப் பேசினார்கள். அவர்களில் ஒருவரான, சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு சூழல் காப்புக்காகத் தன் பரிசை அளித்தது. பவளத்தைக் காப்பதா, பாசி எடுப்பவரைக் காப்பதா என்று திரும்பி வரும் வழி முழுக்க பஸ்ஸில் பெரிய சண்டை. நான் நடுவில் புகவே இல்லை. அப்படிப்பட்ட பெண்களின் கடலைப் பெண்களுக்கு ஆகாத இடம் என்று எழுதும்போது ஒரு நிமிடம் தயங்கியிருக்கலாம்.

மூன்றாவது காரணமான அதிருப்தியைப்பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. முழங்கால்வரை நனைந்த சுடிதாரோடு மாணவிகள் நிற்கும் படத்தை நம் பணியாளர் ஒருவர் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதன் கீழே ஒருவர் எழுதக்கூடாததை எழுதினார். ஒரு தந்தை கொதித்துப்போய் உங்களிடம் வந்தார். அவர் கோபம் நியாயம். படத்தைப் போட்டவரைக் கேட்டீர்களா? எழுதியவரைக் கேட்டீர்களா? இருவரையும் விட்டுவிட்டு, தண்ணீரில் நின்று அளவெடுத்த பெண்களைத் தண்டித்திருக்கிறீர்கள். அதே ஈரக் கால்சட்டையோடு எதிர்ப் பள்ளி மாணவர்கள் நிற்கும் படம் உங்கள் அலுவலக வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

நீங்கள் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றிலும் பெரியவர்கள் ஒரு வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறோம். நாப்கின் எடுத்து வைக்காதது, கழிப்பறை இருக்கும் இடம் விசாரிக்காதது, நீச்சல் கற்றுத் தராதது, படத்தைப் பரப்பியவரைக் கண்டிக்காதது. இந்த நான்கில் முதல் இரண்டும் என்னுடையவை. நான் சரிசெய்துவிட்டேன். வழியில் பஸ் நிற்கவேண்டிய இடங்களுக்குச் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்து, திறந்திருக்கும் கழிப்பறைகளைக் குறித்து வந்திருக்கிறேன். மற்ற இரண்டும் உங்களிடம் இருக்கின்றன.

எனவே கேட்கிறேன். மாணவிகளின் களப்பயணத்தை நிறுத்தும் சுற்றறிக்கையை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். வாய்மொழியாகப் பார்க்கலாம் என்று சொன்னால் ஜனவரி போய்விடும். மாணவர்களுக்கு ஒதுக்கிய அதே தொகையை மாணவிகளுக்கும் ஒதுக்குங்கள். சென்ற ஆண்டு மாணவர்களுக்குப் பஸ் செலவைப் பள்ளி ஏற்றது, மாணவிகளிடம் ஆளுக்கு 900 ரூபாய் வாங்கினோம். அதைக் கட்ட முடியாமல் ஐந்து பேர் பின்தங்கினார்கள். இரண்டு ஆசிரியைகளுக்குப் பதில் நான்கு பேரை அனுப்புங்கள், அதில் ஒருவர் முதலுதவிப் பயிற்சி பெற்றவராக இருக்கட்டும். மாணவிகளின் படங்களைப் பெற்றோரின் அனுமதியின்றி எந்தக் குழுவிலும் பகிரக்கூடாது என்று பணியாளர்கள் எல்லோருக்கும் உத்தரவிடுங்கள், சென்ற ஆண்டு நடந்ததை விசாரித்து முடிவை அந்தத் தந்தைக்குத் தெரிவியுங்கள். வரும் கல்வியாண்டிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவிகளுக்கு, பெண் பயிற்றுநரைக் கொண்டு நீச்சல் வகுப்பு தொடங்குங்கள். மாவட்டத் தலைநகரில் அரசு நீச்சல் குளம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் நம் பள்ளிப் பஸ் சும்மாதான் நிற்கிறது. இனிமேல் மாணவிகளின் வெளிப்பயணம்பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் அந்தப் பயணத்தை நடத்தும் ஆசிரியையும் இரண்டு மாணவிகளும் உட்கார இடம் வேண்டும்.

வனத்துறை அனுமதிக்கான விண்ணப்பம் இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் போய்ச் சேரவேண்டும். 41 மாணவிகளின் பெயரும் வயதும் எழுதி, பெற்றோரின் ஒப்புதல் கடிதங்களை இணைத்து, என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நிர்வாகத்தின் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
விலங்கியல் முதுகலை ஆசிரியை